இடது பக்கத்து நாற்காலி

"உனக்குப் பேச வருமா, வராதா?"

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், சாப்பாட்டு மேஜையில் வைத்து மாமனார் அவளிடம் கேட்ட கேள்வி இது. மனிதர் கோபமாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறியவரிடம் எங்கே இறங்கணும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவளும் பதில் சொன்னாள். "வரும் மாமா" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வலது பக்கம் திரும்பித் தன் மனைவியிடம் சொன்னார்.

"பொண்ணு பஞ்சு மாதிரி. கீழே விழுந்தாக்கூட சத்தம் வராது."

அன்றிலிருந்து அவள் பெயர் பஞ்சு. அடையாள அட்டையில் இருந்த பெயர் அடையாள அட்டையிலேயே தங்கிவிட்டது. நாத்தனார்கூடச் சில நேரம் 'பஞ்சு அண்ணி' என்பாள்.

பெயர் ஒட்டிக்கொண்டதில் அவளுக்கு வருத்தமில்லை. அந்தக் கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இவருக்கு என் குரல் பிடிக்கவில்லை என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிடிக்காததை எதற்குக் காட்ட வேண்டும் என்று, இருந்த குரலையும் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். டீ கொண்டுபோய் வைத்தால் வைத்தது யாருக்கும் தெரியாது. டம்ளரைப் பார்த்துத்தான் அவள் வந்து போனதைத் தெரிந்துகொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் குரலை வைத்துப் பிழைக்கக் கிளம்பியதுதான் இந்த வீட்டில் போன வாரம் நடந்த வேடிக்கை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக நாலு வரி. பாடங்களை வாசித்துப் பதிவு செய்து விற்கும் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வாசிக்க ஆள் தேடியது. ஒரு பக்கத்தை வாசித்து மாதிரி அனுப்ப வேண்டும். தேர்வானால் நிரந்தர வேலை. ஆனால் வெளிச் சத்தம் விழாத ஓர் அறை வேண்டும். அந்த வீட்டில் அப்படிப்பட்ட அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சமையலறைக்குப் பின்னால், தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத சின்ன அறை. அது மாமனாருடைய அறை.

அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் ஒரு ஷிஃப்ட், சாயங்காலம் ஒரு ஷிஃப்ட். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அந்தச் சின்ன அறையில் படுத்துத் தூங்குவார். அந்தத் தூக்கத்தை யாரும் தொட்டதில்லை. அவர் மனைவி, தையல் மெஷினுக்கு பெடல் இருப்பதையே மறந்துவிட்டவள் போல அந்த நேரத்தில் கையால் தைப்பாள்.

அந்த அறையைத்தான் பஞ்சு கேட்டாள். அவள் எங்கே கேட்டாள், கணவன் கேட்டான். மாமனார் யோசித்துவிட்டு, "முதல்ல எப்படிப் படிக்கிறாள்னு நான் கேக்கணும். கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய மைக், அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் ஒரு சிவப்பு டப்பா, ஒரு ஹெட்போன், கொஞ்சம் வயர் எல்லாம் வாங்கி வந்து கொடுத்தான். "எல்லாம் வயர்தான். செருகினா வேலை செய்யும்" என்றான். செருகிவிட்டு, நின்றுபோன ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பார்க்க வெளியூர் போய்விட்டான்.

வேலை செய்யவில்லை. செய்கிற மாதிரி நடித்தது. பஞ்சு மைக்கின் முன்னால் உட்கார்ந்து தொண்டை வறள வாசித்தாள். கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கூடவே மின்விசிறியின் முனகல். ஒரு நாள் யோசித்து, விரல் நகத்தால் மைக்கை மெல்லத் தட்டிப் பார்த்தாள். திரையில் கோடு அசையவில்லை. கம்ப்யூட்டரின் விளிம்பைத் தட்டினாள். கோடு துள்ளியது. இத்தனை நாளும் கம்ப்யூட்டர் மைக்கைச் சட்டையே செய்யாமல், தன்னிடம் பிறவியிலேயே இருக்கிற சின்ன மைக் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. செட்டிங்ஸைத் திறந்து, இன்புட் என்ற இடத்தில் சிவப்பு டப்பாவின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். அதன் பிறகுதான் மைக்குக்கு உயிர் வந்தது.

போன வாரம் இங்கேதான் விட்டோம். மாதிரியை அனுப்பக் கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணிக்கு அந்தக் கதவு சாத்தப்படும்.

*

காலையில் மாமனார் சீருடைச் சட்டை போட்டு, சட்டைப் பையின் மேல் டிரைவர் பேட்ஜான பித்தளை வில்லையைக் குத்திக்கொண்டு டீக்கு வந்து உட்கார்ந்தார்.

"கொண்டா, கேக்கலாம்" என்றார்.

பஞ்சு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சத்தமாகவே போட்டிருக்கலாம். ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் தன் குரல் தனியாக எழுந்து நடமாடுவதை நினைத்தாலே அவளுக்குக் கூசியது. ஹெட்போனைச் செருகிக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டார். வயர் இடது தோளில் விழுந்து டீ டம்ளரைத் தொட, அதை அவளே எடுத்துத் தள்ளி வைத்தாள்.

திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. அவர் அதையே பார்த்தார். கோடு மேலே எழும்பும்போது தலையாட்டினார். மறுபடி எழும்பியது, மறுபடி ஆட்டினார். அந்தத் தலையாட்டல் ஒவ்வொன்றையும் பஞ்சு எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள். கோடு ஓரத்தைத் தொட்டதும் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "பேரெல்லாம் தெளிவா சொல்லியிருக்க."

பஞ்சு பேரே சொல்லவில்லை. பேர் சொல்லக் கூடாது என்று நிறுவனம் கண்டிப்பாக எழுதியிருந்தது. அவள் வாசித்தது உப்பைப் பற்றிய ஒரு பாடம். ஆனால் 'நல்லா இருக்கு' என்ற சொல்லின் மேல் மிதந்துகொண்டிருந்தவளுக்கு மற்றது காதில் தங்கவில்லை.

"ரூம் விஷயம் மத்தியானம் வந்து பேசிக்கலாம்" என்று எழுந்தார்.

தையல் மெஷின் முன்னால் இருந்த மாமியார் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நூலைக் கோக்கக் குனிந்துகொண்டாள்.

*

நாத்தனார் எழுந்து வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இன்று அவளுக்கு வார விடுமுறை.

"என்ன அண்ணி, முகம் பல்பு போட்ட மாதிரி இருக்கு?"

"மாமா கேட்டாங்க. நல்லா இருக்குன்னாங்க."

"எங்க அப்பாவா? எனக்குப் பார்த்த மாப்பிள்ளை ஃபோட்டோவையே 'பரவால்ல, பல்லு இருக்கு'ன்னு சொன்ன மனுஷன். கொடுங்க, நானும் கேக்கறேன்."

ஹெட்போனை மாட்டினாள். நெற்றி சுருங்கியது. வலது பக்கக் கிண்ணத்தைத் தட்டினாள். கழற்றித் திருப்பி மாட்டினாள்.

"ஒரு பக்கம்தான் வருது."

"எது?"

"உங்க குரல். இடது காதுல அழகா படிக்கறீங்க. வலது காதுல ஆளே இல்ல. ஊருக்குப் போயிட்டீங்க போல."

பஞ்சு ஹெட்போனை எட்டிப் பார்த்தாள். "ஹெட்போன் கெட்டுப்போச்சா?"

"இருங்க." நாத்தனார் தன் கைபேசியின் பாட்டை அதில் போட்டாள். கடையில் கஸ்டமரிடம் கேட்கிற அதே ராகத்தில் சொன்னாள். "எது தெளிவா இருக்கு, ஒண்ணா, ரெண்டா? ரெண்டும் தெளிவா இருக்கு. ஹெட்போன் மேல தப்பில்ல. உங்க பதிவுலதான்."

"நான் படிக்கும்போது ரெண்டு காதுலயும் கேட்டுதே."

"படிக்கும்போது டப்பா நேரா உங்க காதுக்குக் கொடுக்குது. அது வேற. படிச்ச பிறகு எதுல போட்டுக் கேட்டீங்க?"

"கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல. மெதுவா வச்சு."

"அதுல ரெண்டு ஸ்பீக்கரும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒண்ணு ஊமையா இருந்தா யாருக்குத் தெரியும்?"

இருவரும் திரையின் மேல் குனிந்தார்கள். சிவப்பு டப்பாவில் மைக் செருக இரண்டு துளைகள். பஞ்சுவின் மைக் ஒன்றாம் துளையில். இரண்டாம் துளை காலி. பதிவு செய்கிற மென்பொருளில் 'ஸ்டீரியோ' என்று இருந்தது. அது நேர்மையாக, ஒன்றாம் துளையில் வந்ததை இடது காதுக்கும், இரண்டாம் துளையில் வந்ததை வலது காதுக்கும் எழுதி வைத்திருந்தது. இரண்டாம் துளையில் ஒன்றும் வரவில்லை. அந்த ஒன்றுமில்லாததையும் ஒரு வரி விடாமல் பதிவு செய்திருந்தது.

"கம்பெனிக்காரங்க இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

பஞ்சு தயங்கினாள். "மோனோன்னு ஒரு வார்த்தை இருந்தது."

"அதை என்ன பண்ணீங்க?"

"ஏதோ மைக் கம்பெனி பேருன்னு நினைச்சேன். நம்மகிட்ட அந்தக் கம்பெனி இல்லையேன்னு விட்டுட்டேன்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த மாமியாரே என்னவென்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா. அண்ணி பாதி சம்பளத்துக்குப் படிச்சிருக்காங்க."

அதற்குள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. யாருக்கோ யாருடைய கண்ணாடியையோ கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். கொண்டுபோனவர் படியில் தடுமாறித் திரும்பி வந்து சண்டை போடுகிறாராம். நாத்தனார் தலையை வாரிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

"மோனோன்னா ரெண்டு காதுக்கும் ஒரே குரல். அப்படி மாத்திட்டு, இன்னொரு தடவை படிச்சிடுங்க அண்ணி. ஆனா ஒண்ணு, இவ்வளவு பெரிய கோளாறு, அப்பா எப்படி ஒண்ணும் சொல்லாம விட்டார்?" வாசலில் நின்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "அவருக்கென்ன, ஹாரன் தவிர எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

போய்விட்டாள்.

*

மோனோ என்று மாற்றுவதற்கு ஒரு சொடுக்குதான் தேவைப்பட்டது. ஒன்றாம் துளை என்று காட்டினாள். நகத்தால் மைக்கைத் தட்டி, பதிவு செய்து, போட்டுக் கேட்டாள். டொக் டொக் என்று இரண்டு காதிலும் கேட்டு நடு மண்டையில் விழுந்தது. சரியாகிவிட்டது.

ஆனால் நாத்தனார் வாசலில் விட்டுப்போன கேள்வி உள்ளே வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

அப்பா எப்படி ஒண்ணும் சொல்லாம விட்டார்?

பஞ்சு காலையில் போட்ட பதிவை மறுபடி எடுத்தாள். ஹெட்போனை மாட்டினாள். அதன் வயர் இடது பக்கக் கிண்ணத்திலிருந்துதான் இறங்குகிறது. காலையில் வயர் அவருடைய இடது தோளில்தான் விழுந்தது. டம்ளரை நகர்த்தி வைத்தது அவள் கைதான். ஆக, அவர் சரியாகத்தான் மாட்டியிருந்தார். குரல் முழுவதும் அவருடைய இடது காதில்தான் போயிருக்க வேண்டும்.

போயிருந்தால், இல்லாத பேரை அவர் ஏன் தெளிவாகக் கேட்டார்?

இடது கிண்ணத்தை மட்டும் காதை விட்டு விலக்கினாள். அவள் குரல் நின்றுபோனது. வலது காதில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. திரையில் மட்டும் கோடு எழுந்தும் விழுந்தும் ஓடிக்கொண்டிருந்தது. எழும்பும்போது ஒரு தலையாட்டல். மறுபடி எழும்பும்போது மறுபடி ஒன்று. ஓரத்தைத் தொட்டதும் கழற்றி வைக்கலாம்.

காலையில் அவருக்குக் கிடைத்தது இதுதான்.

அவருக்கு இடது காது கேட்காது.

இதை நினைத்ததும் பஞ்சு மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். நாலு நாற்காலி. நடுவில் அவருடையது. அவருக்கு வலது பக்கம் மாமியார். எதிரே பிள்ளையும் பெண்ணும். குடும்பத்தில் கடைசியாக வந்தவளுக்கு மிஞ்சியது, சுவரோரமாக அவருடைய இடது பக்கம் போட்டிருந்த ஸ்டூல். பிறகு கணவன் அதை எடுத்துவிட்டு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டான். அந்த இடத்தில் இருந்துதான் "வரும் மாமா" என்று சொன்னாள். அங்கிருந்துதான் "இன்னும் கொஞ்சம் போடவா" என்று கேட்டாள். "எனக்கு வேலைக்குப் போகணும்னு ஆசை" என்று ஒரு நாள் தைரியத்தை எல்லாம் திரட்டிச் சொன்னதும் அங்கிருந்துதான். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்துபோய்விட்டார். அன்று ராத்திரி அவள் அழுதது தலையணைக்கு மட்டும் தெரியும்.

இத்தனை நாளும் ஒரு சுவரோடு பேசிவிட்டு, சுவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று வருந்தியிருக்கிறாள்.

*

மாமியார் பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெட்டிப் போட்டிருந்த துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"என்ன?" என்றாள் மாமியார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அத்தை, மாமாவுக்கு இடது காது கேக்காதா?"

சக்கரம் நின்றது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." காலையில் நடந்ததைச் சொன்னாள். துளை, வயர், தலையாட்டல், இல்லாத பேர். மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் வாசல் கதவைப் பார்த்தாள். பெண் போய்விட்டாளா என்று உறுதி செய்துகொள்கிற பார்வை.

"பழைய வண்டியில இன்ஜினை டிரைவருக்கு இடது பக்கம் உள்ளேயே வச்சிருப்பாங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அது அவர் காதுலதான் கத்தும். கொஞ்சம் கொஞ்சமா போச்சு. ஒரு நாள் பார்த்தா முழுசா போயிருந்தது."

"டிப்போல தெரியாதா?"

"தெரிஞ்சா வண்டியையும் வில்லையையும் வாங்கிட்டு மேஜைக்கு முன்னாடி உக்கார வச்சிடுவாங்க. அது அவருக்குச் சாவு. வருஷா வருஷம் கண்ணைத்தான் கருத்தா பார்க்கறாங்க. காதுக்கு, பின்னாடி நின்னு பேரைக் கூப்பிடுவாங்க. திரும்பினா பாஸ்."

அதனால்தான் பேர் தெளிவாக இருந்திருக்கிறது. காதில் எதையாவது கேட்கச் சொன்னால் அது பேராகத்தான் இருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

"எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியில போனா நான் அவருக்கு வலது பக்கம் நடப்பேன். இங்க வலது பக்கம் உக்காருவேன்." மாமியார் துணியை மடித்தாள். "நீ வந்தப்ப உன்னை அந்தப் பக்கம் உக்கார வச்சது நான்தான். இந்தப் பக்கம் என் பக்கம். விட மனசு வரல. அப்புறம் நீ வாயை மூடிக்கிட்டே போன. எனக்குத் தெரியாம இல்ல. எப்படிச் சொல்றது? உன்கிட்ட சொன்னா உன் புருஷன்கிட்ட சொல்வ, அவன் அவர்கிட்ட கேப்பான்."

பஞ்சு கையிலிருந்த துணித் துண்டைக் கீழே வைத்தாள்.

"பஞ்சுன்னு உனக்குப் பேர் வச்சார். பஞ்சு அவர் காதுல இருந்தது" என்றாள் மாமியார். இருவருக்கும் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

"அந்த ரூம் அவருக்கு எதுக்கு அத்தை? அமைதியா இருக்கணும்னா..."

"அமைதியா? வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா போதும். நல்ல காது தலையணைக்குள்ள போயிடும். இடியே விழுந்தாலும் தெரியாது. ரூம் அமைதிக்காக இல்ல. அப்படிக் கேக்காம கிடக்கறதை நீங்க யாரும் பார்த்துடக் கூடாதுன்னு." மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் ஒரு சைக்கிள்காரப் பையன் இடது பக்கமா மணி அடிச்சுக்கிட்டே வந்திருக்கான். இவர் வண்டியைத் திருப்பிட்டார். கண்ணாடியில பார்த்துக் கடைசி நிமிஷத்துல பிரேக் போட்டிருக்கார். அன்னைக்கு வந்து சாப்பிடல. எனக்கும் கேக்க வாய் வரல."

வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"மறுபடி கேக்கச் சொல்லப் போறேன்."

"எதுக்கு? நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். ரூமையும் கொடுத்துடுவார். எனக்கு அவரைத் தெரியும். நீ சும்மா இருந்தா எல்லாம் தானா நடக்கும். கேக்கச் சொன்னா, உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோகும்."

"கேக்காம சொன்ன 'நல்லா இருக்கு' எனக்கு எதுக்கு அத்தை?"

பஞ்சு இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாமியார் அவளை அதற்கு முன் பார்த்திராதவள் போலப் பார்த்தாள்.

*

சின்ன அறையில் மாமனாரின் தலையணைக்குப் பக்கத்தில் மைக்கை நிறுத்தி, மறுபடி வாசித்தாள். டப்பாவின் விளக்கு பச்சையிலேயே இருக்கும்படி அளவைத் திருகி வைத்துக்கொண்டாள். சிவப்பு எரிந்தால் குரல் கிழிந்துவிடும். அடுத்த அறையில் மெஷின் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்காமலேயே நின்றிருந்தது.

"கடல் நீரில் உப்பு இருக்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை..."

எத்தனையோ முறை வாசித்த பாடம்தான். இந்த முறை அவள் நிறுவனத்துக்காக வாசிக்கவில்லை. தன் வலது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்று வைத்துக்கொண்டு வாசித்தாள்.

மாமனார் வந்தபோது மேஜையில் சாப்பாடு தயாராக இருந்தது. சட்டையைக் கழற்றி, வில்லையோடு சேர்த்து ஆணியில் மாட்டினார். முகம் கழுவிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பஞ்சு பழக்கத்தில் சுவரோர நாற்காலியைப் பிடித்தாள். உட்காரவில்லை. அங்கேயே நின்றாள்.

அப்போது மாமியார் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்து, பஞ்சுவின் கையிலிருந்த நாற்காலியை வாங்கி, கணவனின் இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமனார் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர் குடித்தாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

பஞ்சு வலது பக்கம் போனாள். அந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

"மாமா, அதை இன்னொரு தடவை கேக்கணும்."

"காலையிலதான் கேட்டேனே."

"காலையில கேக்கல மாமா."

குரலை அவள் உயர்த்தவில்லை. எப்போதும் போலப் பஞ்சுக் குரல்தான். அவர் சட்டென்று நிமிர்ந்தார். அவர் அவளைப் பார்த்து நிமிர்ந்தது அதுவே முதல் தடவை.

"என்னோட தப்புதான்" என்றாள். "மோனோன்னு வைக்கணும், வைக்கல. இடது பக்கம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. இப்ப சரி பண்ணிட்டேன். ரெண்டு பக்கமும் வரும்."

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவர் கையைத் துண்டில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு ஹெட்போனுக்குக் கையை நீட்டினார்.

பஞ்சு கம்ப்யூட்டரின் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போட்டாள்.

இந்த முறை பார்ப்பதற்குக் கோடு இல்லை. அவர் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தார். தலையாட்டவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தலை வலது பக்கம் லேசாகச் சாய்ந்தது. திறந்திருக்கும் ஒரே ஜன்னல் பக்கம் ஒருவர் நகர்ந்து உட்கார்வது போல இருந்தது. மாமியார் அந்தச் சாய்வைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

திரையில் கோடு ஓரத்தைத் தொட்டது. பதிவு முடிந்துவிட்டது.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பஞ்சு காத்திருந்தாள். 'நல்லா இருக்கு' என்று சொல்வாரா, இல்லையா. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'தொண்டை கட்டின மாதிரி இருக்கு' என்று சொன்னால்கூடப் போதும். அது கேட்டுவிட்டுச் சொன்னதாக இருக்கும்.

அவர் ஹெட்போனை எடுத்து, வயரைச் சுற்றி, மேஜையில் வைத்தார். எழுந்து சின்ன அறைக்குள் போனார். உள்ளே எதையோ மடிக்கிற சத்தம். திரும்பி வந்தபோது ஒரு கையில் தலையணையும் மறு கையில் போர்வையும் இருந்தன. இரண்டையும் கூடத்து பெஞ்சின் மேல் வைத்தார். தலையணையை ஒரு தட்டுத் தட்டிச் சரி செய்தார்.

அவ்வளவுதான். அறை அவளுடையது.

பஞ்சுவின் கண் மங்கியது. துடைத்துக்கொண்டு, நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, கோப்பைச் சேர்த்து, அனுப்பு என்பதை அழுத்தினாள். ஐந்து மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து, நிறைந்து, போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னது.

நிமிர்ந்து பார்த்தபோது மாமனார் பெஞ்சில் படுத்திருக்கவில்லை. சீருடைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்கால ஷிஃப்ட்டுக்கு வெகு நேரம் இருந்தது. அவர் இந்த நேரத்தில் தூங்காமல் வெளியே கிளம்பி யாரும் பார்த்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து பித்தளை வில்லையைக் கழற்றினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பில் காலை நுழைத்தார்.

"ஏங்க, வில்லையை வச்சுட்டுப் போறீங்க" என்றாள் மாமியார், இடது பக்கத்து நாற்காலியிலிருந்து. அந்தப் பக்கமிருந்து அவள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. அவர் திரும்பவில்லை.

பஞ்சு எழுந்து வாசலுக்குப் போனாள். அவருக்கு வலது பக்கமாகப் போய் நின்றாள்.

"மாமா, வில்லை."

அவர் நின்றார். கேட்டுவிட்டது. ஆணியை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். காலையில் ஆட்டிய தலையை இப்போது ஆட்டவில்லை. வாய் லேசாகத் திறந்து மூடியது.

பிறகு படியிறங்கி, டிப்போ இருக்கும் பக்கமாக நடந்து போனார்.